கூவம் கடலில் சேரும் இடத்தில் ஒரு பல்கலைக்கழகம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

நம் பழைய மாணவர் ஒருவர் தன் மகளை மேல்படிப்புக்காக வேல்ஸ் நாட்டில் உள்ள ஸ்வான்சி பல்கலைக்கழகத்தில் சேர்த்திருக்கிறார். அங்கிருந்து அந்தப் பெண் அனுப்பிய படங்களை எனக்கும் அனுப்பினார். கட்டடத்தை ஒட்டி மணல், மணலுக்கு அப்பால் கடல். படத்துக்குக் கீழே, "கடற்கரையிலேயே பல்கலைக்கழகம் கட்டியிருக்காங்க சார். நம்ம ஊர்ல இதெல்லாம் எங்க?" என்று ஒரு வரி எழுதியிருந்தார். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. எல்லாரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஸ்வான்சி. வேல்ஸின் தென்கரையில் ஒரு வளைகுடாவை ஒட்டிய ஊர். அந்த நாட்டு மொழியில் அதற்கு அபர்டாவே என்று பெயர். தாவே ஆறு கடலில் கலக்கும் இடம் என்று பொருள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அது செம்பு உருக்கும் ஊராக இருந்தது. செம்புத் தாது கார்ன்வாலிலிருந்தும், பிறகு கியூபா, சிலி போன்ற தூர தேசங்களிலிருந்தும் கப்பலில் வந்து இறங்கும். உருக்குவதற்கான நிலக்கரி பக்கத்திலேயே கிடைத்தது. செம்பில் பணம் சேர்த்த விவியன் குடும்பம் கடலைப் பார்த்தபடி சிங்கிள்டன் என்ற மாளிகையில் வாழ்ந்தது. பின்னாளில் அந்த மாளிகையைச் சுற்றித்தான் பல்கலைக்கழகம் வளர்ந்தது. 1920 ஜூலை 19 அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அடிக்கல் நாட்டினார். அந்த ஆண்டு சேர்ந்தவர்கள் 89 பேர். அவர்களில் பெண்கள் 8 பேர். மணலை ஒட்டி இப்போது நாம் படத்தில் பார்க்கும் புது வளாகம் 2015இல் திறந்தது.

நல்ல ஊர், நல்ல பல்கலைக்கழகம். நம் பிள்ளை அங்கே நன்றாகப் படிக்கட்டும். ஆனால் 1920இல் அங்கே அடிக்கல் நாட்டியபோது, நம் கடற்கரையில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 63 வயது ஆகியிருந்தது.

அதுவும் ஒரு முகத்துவாரத்தில்தான் நிற்கிறது. நம் திருவள்ளூர் மாவட்டத்தில் பிறந்து, திருவேற்காடு, மதுரவாயல் வழியாக ஓடும் கூவம், நேப்பியர் பாலத்துக்குக் கீழே புகுந்து கடலில் சேர்கிறது. பாலத்தைத் தாண்டித் தெற்கே திரும்பினால் வலது பக்கம் முதலில் வருவது பல்கலைக்கழகம். நம் பக்கத்து ஆறு போய்ச் சேரும் இடத்தில் நம் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆற்றின் இன்றைய நாற்றத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டு அந்த வரைபடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைத் தொடங்கியது யார் என்று கேட்டால், வெள்ளைக்காரன் என்று பலரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். சட்டம் போட்டது அவர்கள்தான். ஆனால் சட்டம் வருவதற்கு 18 ஆண்டுகள் முன்னால், 1839 நவம்பர் 11 தேதியிட்டு ஒரு மனு அரசாங்கத்துக்குப் போனது. எங்கள் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வேண்டும், அதற்கு ஒரு கல்விக்கூடத்தை அரசு அமைக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. கீழே 70,000 பேர் கையெழுத்து. முன்னின்று நடத்தியவர் ஜார்ஜ் நார்ட்டன். அரசுக்கே தலைமை வழக்கறிஞராக இருந்த ஆங்கிலேயர் அவர்.

70,000 கையெழுத்து என்பது இன்றைக்கு ஒரு பெரிய விஷயமாகத் தெரியாது. செல்போனில் ஒரு பொத்தானை அமுக்கினால் லட்சம் வந்துவிடும். 1839இல் நம் பக்கம் பயணிகள் ரயில் கிடையாது, தந்தி கிடையாது. காகிதத்தை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போயிருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. தாங்கள் படிக்கப் போவதில்லை என்று தெரிந்தும், வரப்போகும் பிள்ளைகளுக்காகக் கேட்டவர்கள் அவர்கள்.

அப்போதைய கவர்னர் எல்ஃபின்ஸ்டன் பிரபு அந்த மனுவுக்குச் செவி சாய்த்தார். 1840இல் நார்ட்டன் தலைமையில் ஒரு பல்கலைக்கழகக் குழு அமைந்தது. எழும்பூரில் ஒரு வாடகைக் கட்டடத்தில் ஆயத்தப் பள்ளி தொடங்கியது. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த ஈ.பி. பவல் தலைமையாசிரியராக வந்தார். அந்தப் பள்ளிதான் வளர்ந்து 1855இல் மாநிலக் கல்லூரி என்று பெயர் பெற்றது. ஆக, பல்கலைக்கழகம் வருவதற்கு முன்பே அந்த மனு ஒரு கல்லூரியைப் பெற்றுவிட்டது.

இதே காலத்தில் இன்னொரு கதையும் ஓடுகிறது. அது நம் வட்டாரத்துக்கு இன்னும் நெருக்கமானது. பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போகாத குடும்பம் நம்மில் உண்டா? அந்தப் பெரியபாளையத்தில் 1754இல் ஒரு பிள்ளை பிறந்தது. பிறப்பதற்கு முன்பே தகப்பன் இறந்துவிட்டார். தாய் அடைக்கலம் தேடி வந்த ஊர் அது. அந்தப் பிள்ளைதான் பச்சையப்ப முதலியார். சென்னையில் துபாஷியாக, அதாவது வணிகர்களுக்கும் அரசுக்கும் நடுவே இருமொழி அறிந்த தரகராக உயர்ந்து, பெரும் பணம் சேர்த்து, 1794இல் இறந்தார். உயில் எழுதி வைத்தார். பெரும்பாலும் கோயில், அன்னதானக் காரியங்களுக்கான உயில். சொத்து வழக்கில் சிக்கிக்கொண்டு அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. அதை மீட்டு, தர்மம் போக மிஞ்சிய பணத்தைப் பள்ளிக்குத் திருப்பியதில் அதே நார்ட்டனுக்குப் பெரிய பங்கு உண்டு. 1842இல் பச்சையப்பன் பள்ளி தொடங்கியது. பின்னால் அது கல்லூரியானது. ஒரு பக்கம் ஊர் மக்களின் கையெழுத்து, இன்னொரு பக்கம் ஒரு தனிமனிதரின் தர்மப் பணம். பல்கலைக்கழகத்துக்கு முன்பே இந்த இரண்டும் வந்துவிட்டன.

இப்போது 1856. அந்த ஆண்டு ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியாகப் போன பாதை அது. நெமிலிச்சேரியில் இன்று நாம் மின்சார ரயிலுக்குக் காத்திருக்கிறோமே, அதே தடம்தான். அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம். முதலில் தண்டவாளம் வந்தது, பின்னாலேயே பட்டம் வந்தது. இரண்டும் சேர்ந்துதான் நம் பக்கத்துக் கிராமங்களைப் பட்டணத்தோடு கட்டின.

1854இல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை வந்தது. பத்தாம் வகுப்பில் 'வுட்ஸ் டெஸ்பாட்ச்' என்று நான் உங்களுக்குச் சிறு குறிப்பு எழுத வைத்தேனே, அதுதான். அதன் விளைவாக 1857இல் மூன்று பல்கலைக்கழகங்கள் பிறந்தன. ஜனவரியில் கல்கத்தா, ஜூலையில் பம்பாய், செப்டம்பர் 5 அன்று சென்னை. வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து டெல்லி எரிந்துகொண்டிருந்த அதே மாதங்களில் இந்தச் சட்டங்கள் நிறைவேறின. ஒரு கையில் பீரங்கி, இன்னொரு கையில் பட்டச் சான்றிதழ். அன்றைய அரசாங்கத்துக்கு இரண்டுமே தேவைப்பட்டன. தன் அலுவலகங்களுக்கு ஆங்கிலம் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நம்மவர்கள் அந்தப் படிப்பை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்பது அவர்கள் கணக்கில் இல்லாத பகுதி.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தொடங்கியபோது சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பறைகூட இல்லை. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்தார்கள். பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை; பாடத்திட்டம் வகுப்பது, தேர்வு வைப்பது, பட்டம் கொடுப்பது மட்டும் பல்கலைக்கழகத்தின் வேலை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. மனப்பாடம் செய்து தேர்வில் கக்கும் பழக்கம் அங்கிருந்துதான் தொடங்கியது என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தேர்வு என்பது தபாலில் போகக்கூடியது. வடக்கே கஞ்சம் முதல் தெற்கே குமரி வரை, மேற்கே மலபார் வரை ஒரே கேள்வித்தாள் போனது. கும்பகோணத்துப் பையனும் கோழிக்கோட்டுப் பையனும் ஒரே தேர்வை எழுதினார்கள். சென்னைக்கு வந்து தங்கிப் படிக்க வசதி இல்லாதவனுக்கும் தன் ஊர்க் கல்லூரி வழியாக ஒரு கதவு திறந்தது.

முதன்முதலில் பி.ஏ. தேறியவர்கள் இரண்டே பேர். இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒருவர் சி.வை. தாமோதரம் பிள்ளை, மற்றவர் கரோல் விசுவநாத பிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள். தாமோதரம் பிள்ளை அதன்பிறகு என்ன செய்தார் என்று தமிழாசிரியர்கள் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அரசு வேலை பார்த்துக்கொண்டே ஏடு ஏடாகத் தேடிப் பழந்தமிழ் நூல்களை அச்சில் ஏற்றினார். 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம், 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை. ஆங்கிலத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள், செல்லரித்துக்கொண்டிருந்த ஓலையிலிருந்து தொல்காப்பியத்தைக் காப்பாற்றினார். கணக்கில் இல்லாத பகுதி என்று மேலே சொன்னேனே, அதற்கு முதல் உதாரணம் இவர்.

கட்டடம் வருவதற்கு மேலும் 20 ஆண்டுகள் ஆயின. ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த செனட் ஹவுஸ் 1874இல் தொடங்கி 1879இல் முடிந்தது. நான்கு மூலையிலும் கோபுரம், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், நம் ஊர்க் கட்டுமானமும் இஸ்லாமியக் கட்டுமானமும் ஐரோப்பியக் கட்டுமானமும் கலந்த பாணி. பக்கத்திலேயே ஆற்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை இருந்ததால் அதனோடு ஒத்துப்போகும்படி வரைந்தார். 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றம்கூட அந்த மண்டபத்தில் கூடியிருக்கிறது.

செனட் ஹவுஸ் எழுந்தபோது இன்று நாம் பார்க்கும் மெரினா இல்லை. கடல் இப்போதைவிட மிகவும் கிட்டத்தில் இருந்தது. 1870களில் வடக்கே துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். நம் கரையோரம் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. துறைமுகச் சுவர் அதைத் தடுத்தது. தடுத்த மணல் தெற்கே சேர்ந்துகொண்டே போய் அகலமான கடற்கரை ஆனது. மணல் கிடைக்காத வடக்கே ராயபுரம், எண்ணூர்ப் பக்கம் கரை அரிக்கத் தொடங்கியது. கவர்னர் கிராண்ட் டஃப் 1880களில் கடலோரச் சாலையை அமைத்து, இத்தாலிய மொழியில் 'மெரினா' என்று பெயர் வைத்தார். ஸ்வான்சி மணல் அழகுதான். நம் மெரினா மணல் பல்கலைக்கழகக் கட்டடத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே கடற்கரைச் சாலையில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துறைமுக அலுவலகத்தில் 1912இல் மாதம் 30 ரூபாய்க்கு ஒரு குமாஸ்தா சேர்ந்தார். கல்லூரித் தேர்வில் தேறாதவர். கணக்கில் முழு மதிப்பெண், மற்ற பாடங்களில் தோல்வி. பட்டம் இல்லாததால் பல்கலைக்கழக விதிப்படி அவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்க வழியே இல்லை. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டியின் கடிதம் வந்தபிறகு, சிண்டிகேட் கூடிப் பேசி, விதியைத் தாண்டி 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் கொடுத்தது. அடுத்த ஆண்டு மார்ச் 17 அன்று அவர் கப்பல் ஏறியபோது, ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுத்து அனுப்பியதும் அதே பல்கலைக்கழகம்தான். அவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. தேர்வில் தோற்ற ராமானுஜனை அந்தத் தேர்வை நடத்திய அமைப்பே தூக்கி நிறுத்தியது. 'ரூல்ஸ்ல இடமில்லை' என்று கோப்பை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அலுவலகங்களில் பொறுப்பில் இருக்கும் என் மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏறக்குறைய இதே ஆண்டுகளில்தான் பல்கலைக்கழகம் தானே பாடம் நடத்தவும் ஆராய்ச்சி செய்யவும் தொடங்கியது. 1914இல் இந்திய வரலாற்றுத் துறைக்கு எஸ். கிருஷ்ணசாமி அய்யங்கார் முதல் பேராசிரியரானார். அவருக்குப் பின் வந்தவர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. அவருடைய சோழர் வரலாறு 1930களில் பல்கலைக்கழக வெளியீடாகவே வந்தது. வகுப்பில் ராஜராஜனைப் பற்றி நான் உங்களுக்குச் சொன்னதில் பாதிக்கு மேல் அந்த ஆராய்ச்சியில் இருந்து வந்ததுதான்.

எல்லாவற்றையும்விட என் மனதுக்கு நெருக்கமானது தமிழ்ப் பேரகராதி. 1913இல் வேலை தொடங்கியது. முதலில் பொறுப்பேற்றவர் மதுரையில் இருந்த அமெரிக்கப் பாதிரியார் சாண்ட்லர். 1926இல் எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியரானார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், பிறகு ஒரு பின்னிணைப்பு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். ஒவ்வொரு சொல்லும் எந்த நூலில் எந்தப் பொருளில் வருகிறது என்று மேற்கோளோடு இருக்கும். 23 ஆண்டு வேலை. முதலில் நினைத்ததைவிட நான்கு மடங்குக்கு மேல் செலவு. நடுவில் ஒரு கட்டத்தில் 'போதும்' என்று நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை.

இங்கே வேல்ஸை மறுபடி நினைத்துப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் அங்கே பல பள்ளிகளில், தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டை மாட்டி அவமானப்படுத்தியிருக்கிறார்கள். ஆங்கிலம்தான் சோறு போடும் என்று பெற்றோரும் நம்பிய காலம். அந்த நாட்டுப் பல்கலைக்கழகமும் தன் மொழிக்குப் பேரகராதி ஒன்றை 1921இல் தொடங்கியது. முதல் பகுதி 1950இல் வந்தது. முடிந்தது 2002இல். 81 ஆண்டுகள்! இங்கிலாந்துக்கு மேற்கே ஒரு சின்ன நாடும், இந்தியாவின் தெற்கே நாமும், ஒருவரை ஒருவர் அறியாமல் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் ஒரே வேலையைச் செய்திருக்கிறோம். ஆங்கிலத்தில் பாடம் நடத்திய பல்கலைக்கழகங்கள்தான் இரண்டு ஊரிலும் தாய்மொழிச் சொற்களை ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்தன. ஸ்வான்சியில் படிக்கும் நம் பெண் அங்கே சாலையோரப் பலகைகளில் இரண்டு மொழி இருப்பதைப் பார்த்திருப்பாள். அது தானாக வந்ததல்ல, அந்த மக்கள் போராடிப் பெற்றது.

அகராதிக்குப் பக்கத்திலேயே நூலகம். 1924இல் மாநிலக் கல்லூரியின் கணித ஆசிரியர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்தார். சீர்காழிக்காரர். வேலை பிடிக்கவில்லை, கணக்குப் பாடத்துக்கே திரும்பிவிடுகிறேன் என்று கல்லூரியில் போய்க் கேட்டார். முதலில் இங்கிலாந்து போய் நூலகங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம் என்று அனுப்பி வைத்தார்கள். திரும்பி வந்தவர் நூலக அறிவியலுக்கே தந்தையாகிவிட்டார். 'ஐந்து விதிகள்' 1931இல், கோலன் பகுப்பு முறை 1933இல் வந்தன. சேப்பாக்கத்தில் நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் 1936இல். அவர் உழைப்பின் பலனாக 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு தொகை இருக்குமே, அது இந்தச் சட்டத்திலிருந்து வந்தது. நம் பக்கத்துக் கிளை நூலகத்தில் நீங்கள் உட்கார்ந்து அம்புலிமாமா படித்ததற்கும், இப்போது பிள்ளைகள் போட்டித் தேர்வுக்குப் படிப்பதற்கும் வேர் அந்தக் கடற்கரையில் இருக்கிறது.

எல்லாம் பெருமைதானா என்று கேட்பீர்கள். இல்லை. 70,000 பேர் கேட்டு வாங்கிய கதவு எல்லாருக்கும் ஒரே அளவில் திறக்கவில்லை. பட்டம் பெற்றவர்களில் பெரும்பங்கு ஒரு சில சமூகங்களுக்கே போனது. 1916இல் வெளிவந்த பிராமணரல்லாதார் அறிக்கை இதைத்தான் சுட்டிக்காட்டியது. அதன்பின் வந்த நீதிக்கட்சி ஆட்சி 1923இல் பல்கலைக்கழகச் சட்டத்தையே புதிதாக எழுதியது. தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கதவு இன்னும் குறுகலாக இருந்தது. கிறித்தவக் கல்லூரியில் படித்து, பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கி, 1920இல் சட்டமன்றத்துக்குப் போன எம்.சி. ராஜா போன்றவர்கள் அந்தக் குறுகல் வழியில் முட்டி மோதித்தான் வந்தார்கள். பெண்களுக்கு, 1875இல் மேரி ஷார்லீப் முதலிய நால்வர் மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றார்கள். 1912இல் முத்துலட்சுமி ரெட்டி அங்கே மருத்துவரானார். 1914இல் கடற்கரையிலேயே ராணி மேரிக் கல்லூரி வந்தபிறகுதான் நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் கல்லூரி வாசலை மிதிப்பது வழக்கமானது. ஒவ்வொன்றும் யாரோ கேட்டு, சண்டை போட்டு வாங்கியது.

அந்த ஒற்றைப் பல்கலைக்கழகத்திலிருந்துதான் தென்னாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து போயின. 1916இல் மைசூர், 1926இல் ஆந்திரா, 1929இல் அண்ணாமலை, 1937இல் திருவிதாங்கூர். அப்புறம் மதுரை. 1978இல் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகமாயின. 1982இல் கோவையும் திருச்சியும் தனியாயின, 2002இல் வேலூர். இன்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் மிஞ்சியிருப்பது சென்னையும் அதைச் சுற்றியுள்ள நம் மாவட்டங்களும்தான். ஒரு காலத்தில் தென்னிந்தியாவுக்கே பொதுவாக இருந்தது, இன்று மிக நேரடியாக நம்முடையது.

எவ்வளவு நேரடியாக என்று பாருங்கள். நெமிலிச்சேரியில் ரயில் ஏறிச் சென்னைப் பக்கம் போனால் அடுத்து பட்டாபிராம், அதற்கடுத்து 'இந்துக் கல்லூரி' நிலையம். ஒரு கல்லூரியின் பெயரிலேயே ரயில் நிலையம் வைத்திருக்கும் ஊர் நம்முடையது. அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி. உங்களில் பாதிப் பேர் அங்கே படித்தவர்கள். தெருவுக்குத் தெரு 'மெட்ரிக்குலேஷன் பள்ளி' என்று பலகை பார்க்கிறோமே, அந்தச் சொல்லும் பல்கலைக்கழகத்துடையது. 1970கள் வரை அந்தப் பள்ளிகளுக்குத் தேர்வு நடத்தியது அதுதான். 1978இல் பிளஸ் டூ வருவதற்கு முன் பி.யு.சி. படித்த பெரியவர்களின் சான்றிதழிலும் அதே முத்திரைதான் இருக்கும்.

1981இல் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது. ஆவடி டாங்கி தொழிற்சாலையிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஷிப்ட் முடித்துவிட்டு, இரவில் பழுப்புக் கவரைப் பிரித்துப் பாடம் படித்தவர்கள் இந்தப் பதிவைப் படிப்பவர்களில் எத்தனை பேர்! கல்யாணமாகிக் குழந்தை பிறந்தபின் பி.ஏ. முடித்த பெண்கள் நம் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். 1857இல் தபாலில் போன தேர்வு, 124 ஆண்டு கழித்துப் பாடத்தையும் தபாலில் அனுப்பியது. வாடகைக்கு அறை எடுத்துப் படிக்க முடியாதவனுக்கும் பட்டம் எட்ட வேண்டும் என்ற பழைய ஏற்பாடு இங்கேயும் வேலை செய்தது.

இப்போது அந்தப் பல்கலைக்கழகம் நல்ல நிலையில் இல்லை. கல்லூரிகள் பிரியப் பிரிய தேர்வுக் கட்டண வருமானம் சுருங்கியது. ஓய்வூதியச் செலவு ஏறியது. ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் பல நிரப்பப்படாமல் கிடக்கின்றன. 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் காலம் முடிந்தபின் அந்த நாற்காலி நெடுநாள் காலியாகவே இருந்தது. 2024 தொடக்கத்தில் வரி பாக்கி கேட்டு வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். ஏ. லட்சுமணசாமி முதலியார் என்ற ஒரே மருத்துவர் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்து வளர்த்த இடம் அது.

பிரிட்டனிலும் நிலைமை வேறு மாதிரி நெருக்கடிதான். அங்கே பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர் கட்டும் கட்டணத்தை நம்பி நடக்கின்றன. நம் ஊர்த் தகப்பன் வீட்டை அடகு வைத்துக் கட்டும் பணமும் அதில் சேர்த்தி. பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்க வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ராமானுஜனையே நாம் அனுப்பித்தான் வைத்தோம். ஆனால் அனுப்ப முடியாதவர்கள்தான் இன்றும் அதிகம். பாக்கத்திலிருந்தும் புட்லூரிலிருந்தும் பாஸ் எடுத்துக்கொண்டு காலை ரயிலில் வரும் பெண்ணுக்கு, குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகும் பையனுக்கு, எட்டும் தூரத்தில் இருப்பது இந்த ஒரு பல்கலைக்கழகம்தான். அது மெலிந்தால் முதலில் அடி வாங்குவது அவர்கள்.

அதனால் என் மாணவர்களிடம் மூன்று விஷயம் கேட்கிறேன். ஒன்று, பிள்ளைகளை மெரினாவுக்குக் கூட்டிப் போகும்போது சுண்டல் வாங்கிக் கொடுப்பதோடு நிறுத்தாமல், சாலைக்கு எதிர்ப்பக்கம் செனட் ஹவுஸையும் காட்டி, 70,000 கையெழுத்துக் கதையைச் சொல்லுங்கள். இரண்டு, தமிழ்ப் பேரகராதி இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வாரத்துக்கு ஒரு சொல்லாவது தேடிப் பாருங்கள். மூன்று, பத்திரிகையில் இருப்போர், அரசுப் பணியில் இருப்போர், கல்லூரியில் பாடம் நடத்துவோர் உங்களில் பலர் உண்டு. பல்கலைக்கழகத்தைப் பற்றிச் செய்தி வரும்போது அது யாருடைய பிரச்சினையோ என்று கடந்து போகாதீர்கள். உங்களால் முடிந்த இடத்தில் பேசுங்கள், எழுதுங்கள். 1839இல் கையெழுத்துப் போட்டவர்களுக்கு நம்மைவிடப் பெரிய செல்வாக்கு எதுவும் இருந்துவிடவில்லை.

கடைசியாக, உங்கள் வீட்டில் முதல் பட்டதாரி யார்? எந்த ஆண்டு, எந்தக் கல்லூரி, கட்டணத்துக்கு வீட்டில் எதை விற்றார்கள் அல்லது அடகு வைத்தார்கள்? தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். தெரியாதவர்கள் இன்று இரவே பெரியவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

எல்லாரும் நலமாக இருங்கள்.

உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்,
நெமிலிச்சேரி